ஓடைக்குள் எட்டுக்கால் சிவப்பு

கேள்வி: கொல்லிமலை ஓடையில் கல்லைப் புரட்டினால் கடுகளவு சிவப்புப் பூச்சி ஓடுகிறதே, அது என்ன? எப்படிப் பதிவு செய்வது? (வாசகி, நாமக்கல்)

பதில்: காலை எண்ணுங்கள் அம்மா. எட்டுக் கால், தலை வயிறு பிரியாத உருண்டை உடல் என்றால் நீர்ச் சிற்றுண்ணி (water mite), சிலந்திக்கு உறவான சின்ன உயிர். அதன் குஞ்சுக்கு ஆறே கால். கொசு, தும்பி மேல் ஒட்டி வளரும்.

நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். பிடித்ததைக் கெடாமல் குப்பியில் வைக்கச் சாராயத்தில் (ஆல்கஹாலில்) போட்டால் நிறம் போய் உடலும் விறைத்துவிடும். கிளிசரின், அசிட்டிக் அமிலம், தண்ணீர் சேர்ந்த கலவையே நல்லது. முதலில் வெள்ளைத் தட்டில் உயிரோடு படம் எடுங்கள். தேதி, இடம், அந்த இடத்தின் உயரம், நீரின் வெப்பம், அப்புறம் கல்லடியா, மணலா, பாசியா என்பதைச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். சீட்டில்லாத குப்பியைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம்.