சின்ன சின்ன கிரெடிட் பிரச்சனைக்காக யூகே பேங்க்ல ஃபுல் கரண்ட் அக்கவுண்ட் (சம்பளம் வர, செலவு பண்ண வெச்சுக்கற சாதாரண கணக்கு) தர மாட்டேங்கறாங்க, பேசிக் அக்கவுண்ட் தான்ங்கறாங்க. என்ன பண்றது?

ரெண்டு லேட் பேமெண்ட், ஒரு பழைய டிஃபால்ட் (பாக்கிய கட்டலன்னு விழற பதிவு), சம்பளம் மட்டும் மாசாமாசம் ஒழுங்கா வருது, ஆனாலும் பேசிக் தான் தருவோம்னு சொல்லிட்டாங்கன்னு கேட்டிருக்கீங்க. 2019ல நானும் இதே இடத்துல தான் நின்னேன், அதனால எனக்கு நடந்ததையே சொல்றேன்.

வீடு மாறினப்ப பழைய மொபைல் கான்ட்ராக்ட கேன்சல் பண்ணிட்டு டைரக்ட் டெபிட்டையும் (பில்லு காசு கணக்குல இருந்து தானா போறது) நிறுத்திட்டேன். கடைசி பில்லு 34 பவுண்டு பாக்கி நின்னிருக்கு, லெட்டர் எல்லாம் பழைய வீட்டுக்கே போயிருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல. 2018 நவம்பர்ல அது டிஃபால்ட்டா விழுந்துடுச்சு. அடுத்த வருஷம் பேங்க்ல போய் உக்காந்தா அந்தம்மா பாஸ்போர்ட், பிஆர்பி (அப்ப இருந்த விசா கார்டு), பேஸ்லிப்னு எல்லாத்தையும் வாங்கி அரை மணி நேரம் தட்டித் தட்டி டைப் பண்ணாங்க, கடைசில ஸ்கிரீனயே கொஞ்ச நேரம் பாத்துட்டு "பேசிக் அக்கவுண்ட் தரலாம்"னாங்க. ஏன்னு கேட்டா அவங்களுக்கும் தெரியல, எந்த கிரெடிட் ஏஜென்சில (நாம கடன், பில்லு கட்டின வரலாற பதிஞ்சு வெக்கற கம்பெனி) பாத்தோம்னு மட்டும் ஒரு பேப்பர் கொடுத்தாங்க.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அதே வாரம் ராத்திரில உக்காந்து இன்னும் ரெண்டு பேங்க்ல ஆன்லைன்ல அப்ளை பண்ணேன், ஓவர்டிராஃப்ட் (கணக்குல இருக்கறதுக்கு மேல எடுத்துக்கற கடன்) வேணும்னு டிக் வேற பண்ணி வெச்சேன். ரெண்டுலயும் நோ. ஒவ்வொண்ணும் என் கிரெடிட் ஃபைல்ல ஹார்ட் சர்ச்சா, அதாவது மத்த பேங்குக்கும் தெரியற தேடலா ஏறிடுச்சு, அது குறைஞ்சது ஒரு வருஷம் நிக்கும், அடுத்து பாக்கறவன் "இந்தாளு ஏன் இத்தன இடத்துல கேட்டு அலையறான்"னு தான் நினைப்பான். தயவுசெஞ்சு இத நீங்க பண்ணாதீங்க. நிறைய பேங்க்ல கிடைக்குமா கிடைக்காதான்னு சாஃப்ட் சர்ச்ல பாத்து சொல்ற செக்கர் இருக்கு, அது மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது.

பேசிக்கையே வாங்கிக்கோங்க. பேரு தான் ஒரு மாதிரி இருக்கே தவிர டெபிட் கார்டு, டைரக்ட் டெபிட், ஸ்டாண்டிங் ஆர்டர் எல்லாம் உண்டு, மாசக் கட்டணம் கிடையாது, ஓவர்டிராஃப்ட் மட்டும் இல்ல. 2015 பேமெண்ட் அக்கவுண்ட்ஸ் ரெகுலேஷன்ஸ் படி பார்க்லேஸ், லாய்ட்ஸ், எச்எஸ்பிசி, நாட்வெஸ்ட் மாதிரி பெரிய பேங்க் எல்லாம் இத கொடுத்தே ஆகணும், கிரெடிட் மோசம்ங்கறத காரணமா சொல்லி மறுக்க முடியாது. வேற யூகே பேங்க்ல உங்களுக்கு ஏற்கனவே கணக்கு இருந்தாலோ, ஃப்ராடு சந்தேகம் இருந்தாலோ மறுக்கலாம். அப்படி எதுவும் இல்லாம மறுத்தா பேங்க்லயே கம்ப்ளெயிண்ட் போடுங்க, 8 வாரத்துல ஒழுங்கான பதில் வரலன்னா ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற தனி அமைப்பு) போங்க, காசு எதுவும் வாங்க மாட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இந்த மூணு கிரெடிட் ஏஜென்சிகிட்டயும் ஸ்டாச்சுட்டரி ரிப்போர்ட் (சட்டப்படி அவங்க தர வேண்டிய உங்க கிரெடிட் விவரம்) ஃப்ரீயா எடுங்க. மாசம் காசு கேக்கற சப்ஸ்கிரிப்ஷன் பக்கம் போகவே வேணாம். ஸ்கோர் நம்பர விடுங்க, அத பேங்க் பாக்கறதே இல்ல, உள்ள இருக்கற விவரத்த வெச்சு அவங்களே ஒரு கணக்கு போட்டுக்குவாங்க. நீங்க பாக்க வேண்டியது பேரும் அட்ரஸும்.

நம்மாளுங்களுக்குன்னே வர்ற தொல்லை இது. பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேரு இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலி. எனக்கு மொபைல் கம்பெனில என் பேரு முன்னாடி அப்பா பேரு பின்னாடி, கிரெடிட் கார்டுல அப்படியே தலைகீழ், கரண்ட் பில்லுல வெறும் இனிஷியல். வீட்டு அட்ரஸ் ஒரு இடத்துல "ஃப்ளாட் பி, 14", இன்னொரு இடத்துல "14பி". ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறாம கட்டின கார்டு ஒரு ஆளு பேர்லயும் அந்த 34 பவுண்டு பாக்கி இன்னொரு ஆளு பேர்லயும் நிக்குது, பேங்க் பண்ண சர்ச் பதிவாகி இருந்தது ரெண்டாவது ஆளுகிட்ட! நல்ல பையன் ஒருத்தன் பக்கத்து ரூம்ல சும்மா உக்காந்திருக்கான், மாட்டினது இவன். மூணு ஏஜென்சிக்கும் பாஸ்போர்ட் காப்பி வெச்சு ரெண்டு பேரும் நான் தான்னு எழுதினேன். 28 நாளுக்குள்ள அவங்க பதில் சொல்லணும், ரெண்டு ஏஜென்சில உடனே ரெண்டு ஃபைலையும் சேத்துட்டாங்க, மூணாவதுக்கு இன்னொரு தடவ எழுத வேண்டி வந்துச்சு.

அப்புறம் ஓட்டர் லிஸ்ட். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டா இருந்தா, செல்லுபடியாகற விசா இருந்தா, காமன்வெல்த் குடிமகன்ங்கற முறையில இங்க ஓட்டே போடலாம், பத்து வருஷமா இருக்கறவங்களுக்கே இது தெரியல. நீங்க ஓட்டு போடறீங்களோ இல்லையோ பேர பதிஞ்சு வைங்க. பேரும் அட்ரஸும் சரிதானான்னு பேங்க் ஒத்துப் பாக்கற முதல் இடமே அது தான், பாஸ்போர்ட்ல இருக்கற அதே வரிசையில கொடுங்க.

டிஃபால்ட்டு விஷயத்துல பெருசா எதிர்பாக்காதீங்க. நான் 34 பவுண்ட கட்டிட்டு, லெட்டரே வரலயேன்னு கெஞ்சிப் பாத்தேன், எடுக்க மாட்டோம்னுட்டாங்க, கட்டியாச்சுன்னு மட்டும் மாத்தினாங்க. கட்டினாலும் கட்டலன்னாலும் விழுந்த தேதியில இருந்து 6 வருஷம் நிக்கும். என்னோடது 2024 நவம்பர்ல தானா போச்சு. ஆனா கட்டினதா கட்டாததாங்கறதுல பாக்கறவங்களுக்கு வித்தியாசம் இருக்கு, அதனால சின்ன பாக்கிய இன்னிக்கே முடிச்சு விடுங்க.

ஒருவேள பேசிக்கே கொடுக்கலன்னா அது கிரெடிட் விஷயமா இருக்காது, சிஃபாஸ் (ஃப்ராடு தகவல பேங்குங்க பகிர்ந்துக்கற அமைப்பு) மார்க்கரா இருக்கலாம். ஸ்டூடண்டா இருந்தப்ப யாராவது "உன் அக்கவுண்ட்ல பணம் போடறேன், எடுத்துக் கொடு"ன்னு கேட்டு நீங்க சரின்னிருந்தீங்கன்னா அது தான். அதுவும் 6 வருஷம் வரைக்கும் நிக்கும். சிஃபாஸ்கிட்டயே உங்க பேர்ல என்ன இருக்குன்னு ஃப்ரீயா கேட்டு வாங்கலாம்.

எனக்கு எப்ப கிடைச்சதுன்னா, பேசிக்ல சம்பளம், வாடகை, டைரக்ட் டெபிட் எல்லாம் ஒரு வருஷம் ஒண்ணுகூட பவுன்ஸ் ஆகாம ஓடுச்சு, 2020 கடைசில அதே பேங்க்ல அப்கிரேட் கேட்டேன், டிஃபால்ட் அப்பவும் ஃபைல்ல இருக்கு, ஆனா கொடுத்துட்டாங்க. கார்டு நம்பர் கூட மாறல. ஓவர்டிராஃப்ட் 39.9 சதவீதம்னு போட்டிருந்தாங்க, அத வேணாம்னு ஆஃப் பண்ணிட்டேன், இதுக்குத்தானா இவ்வளவு அலைஞ்சோம்னு வீட்டம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.