லாரி கேமுக்கு வீல் செட் பண்ணுவது: முதலில் டிகிரி, அப்புறம்தான் விசை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “புதிதாக 900 டிகிரி ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் வாங்கி யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஓட்டுகிறேன். கொஞ்சம் திருப்பினாலே வண்டி பக்கத்து லேனுக்குப் போய்விடுகிறது. நின்றிருக்கும்போதுகூட ஸ்டீயரிங் ரப்பர் கட்டியது போல நடுவுக்கு இழுக்கிறது, ஓடும்போது கடகடவென்று சத்தம் வேறு. பிரேக்கைத் தொட்டால் லாரி குத்தி நிற்கிறது. விசையை முழுதாக ஏற்றியும் பார்த்தேன், இறக்கியும் பார்த்தேன், சரியாகவே இல்லை. எங்கே தொடங்குவது?”

விசையில், அதாவது சாலையின் இழுப்பையும் அதிர்வையும் வீலுக்குள் இருக்கும் மோட்டார் உங்கள் கைக்குக் காட்டும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில், தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இடறுவது அங்கேதான். வீல் எத்தனை டிகிரி சுழல்கிறது, கேம் அதை எப்படிப் படிக்கிறது என்ற இரண்டும் ஒத்துப்போகும் வரை விசையை எவ்வளவு மாற்றினாலும் பலன் இருக்காது. நீங்கள் சொன்ன முதல் குறையான லேன் மாறும் பிரச்சினை விசையால் வருவதே இல்லை.

நிஜ லாரியில் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக நான்கு சுற்றுக்கு மேல்கூட ஆகும், அதாவது 1440 டிகிரியைத் தாண்டும். உங்கள் வீலின் 900 டிகிரி என்பது இரண்டரைச் சுற்று. ஆக முழு அளவில் வைத்தாலே நிஜத்தைவிட அது வேகமான ஸ்டீயரிங்தான். அதை டிரைவர் மென்பொருளில் (வீலைக் கம்ப்யூட்டரில் அமைக்க வீல் நிறுவனம் தரும் மென்பொருள்) 270, 360 என்று யாரோ குறைத்து வைத்திருந்தால் (ரேஸ் கேம் ஆடியவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்) லாரி ஓட்டவே முடியாது. அதனால் லாஜிடெக்கின் ஜி ஹப், த்ரஸ்ட்மாஸ்டர் கண்ட்ரோல் பேனல் என்று உங்கள் வீலுக்கு எது உண்டோ அதைத் திறந்து, சுழற்சியை அது தரும் உச்ச அளவுக்கு ஏற்றுங்கள். லாஜிடெக் ஜி29, ஜி923 என்றால் 900, த்ரஸ்ட்மாஸ்டர் டி300 என்றால் 1080. பல்சக்கரமோ பெல்ட்டோ இல்லாமல் மோட்டாரிலேயே நேராக ஸ்டீயரிங் மாட்டிய டைரக்ட் டிரைவ் வகையில் இன்னும் மேலே போகலாம். நான் 1440க்கு அருகில் வைப்பேன், ஆனால் ரிவர்ஸில் டிரெய்லரை நிறுத்தும்போது கை நிறைய வேலை செய்யும், அதற்குத் தயாராக இருந்தால் மட்டும்.

கேமுக்குள் ஸ்டீயரிங் அமைப்பில் ‘நான்-லீனியாரிட்டி’ என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அதைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுப்பகுதியில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் திருப்ப வைக்கும் வளைவு அது. 180 அல்லது 270 டிகிரி மட்டுமே சுழலும் சின்ன வீல்களுக்கு அது உயிர்காக்கும், 900 டிகிரி வீலுக்குத் தேவையில்லை. திரையில் தெரியும் ஸ்டீயரிங் எத்தனை டிகிரி சுழல வேண்டும் என்பதற்கும் தனியாக ஓர் அமைப்பு உண்டு. அதை உங்கள் வீலின் அளவுக்குச் சமமாக வையுங்கள். கண் ஒன்று பார்க்க, கை வேறொன்று செய்தால் மூளை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுவீர்கள்.

சரி, இப்போது ரப்பர் கட்டியது போன்ற இழுப்பு. ஓடும் வண்டியில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவது முன்சக்கரங்களின் அமைப்பாலும், உருளும் டயர் தரையில் பிடித்து நேராக முயல்வதாலும்தான். உருளாத டயருக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால் நின்ற லாரியில் ஸ்டீயரிங்கைத் திருப்பி விட்டால் அது விட்ட இடத்திலேயே கிட்டத்தட்ட நிற்க வேண்டும். உங்களுடையது நின்றபடியே விறுவிறுவென்று நடுவுக்கு ஓடுகிறது என்றால் சாலை அதை இழுக்கவில்லை. எங்கோ ஒரு செயற்கை ஸ்பிரிங் ஆன் ஆகியிருக்கிறது. முதலில் டிரைவர் மென்பொருளில் பாருங்கள். லாஜிடெக்கில் ‘சென்டரிங் ஸ்பிரிங்’ என்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். த்ரஸ்ட்மாஸ்டரில் நடுவுக்குக் கொண்டுவரும் வேலையை வீல் செய்வதா, கேம் செய்வதா என்று கேட்கும். கேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் சேர்ந்து இழுத்தால், கேம் சொல்ல வரும் செய்தி எதுவும் உங்கள் கைக்கு வந்து சேராது.

கேம் வாங்கி ஓட்டும் தளமான ஸ்டீம் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கேமின் ப்ராபர்ட்டீஸில் ‘ஸ்டீம் இன்புட்’ ஆன் ஆகியிருந்தால் சில சமயம் வீலை அது கேம்பேடாக மாற்றிக் காட்டும், ஃபோர்ஸ் ஃபீட்பேக் தடுமாறும். அணைத்துப் பாருங்கள். கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாற்றும் சுவிட்ச் உள்ள வீல் என்றால் அது சரியான பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீலுக்குக் கரண்ட் கொடுத்ததும் அது தானே இரண்டு பக்கமும் சுழன்று நடுவைக் கண்டுபிடிக்கும், அந்தச் சில நொடிகள் கையை வைக்காதீர்கள். அப்போது பிடித்துவிட்டால் நடு தவறாகப் பதிவாகி, நேர் சாலையில்கூட லாரி ஒரு பக்கமே ஒதுங்கும்.

இனி விசை. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, முழுதாக ஏற்றியும் பார்த்தேன் என்ற வரி. மோட்டாருக்கு ஓர் உச்சம் உண்டு. ஜி29 போன்ற பல்சக்கர வீல்களில் அது சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான் (சுழற்றும் பலத்தின் அளவு). மோசா ஆர்5 போன்ற டைரக்ட் டிரைவில் 5.5. வளைவில் திரும்பும்போது நடுவுக்கு இழுக்கும் விசையே அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் பள்ளம், மேடு, சாலையோரக் கல் எது வந்தாலும் மோட்டாரிடம் காட்ட மிச்சம் இல்லை. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். கை கனமாக இருக்கும், ஆனால் மரக்கட்டையைப் பிடித்தது போல இருக்கும், ஒன்றும் தெரியாது. ஏற்ற ஏற்ற உணர்வு குறைவது இதனால்தான்.

அதனால் நான் செய்வது இது. டிரைவர் மென்பொருளில் மொத்த விசையை அது பரிந்துரைக்கும் அளவிலேயே விட்டுவிடுவேன். கேமுக்குள் எல்லா ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்லைடர்களையும் சுழியத்துக்கு இறக்கிவிட்டு, மொத்த அளவை மட்டும் 70 சதவீதம் அளவில் வைத்து, டிரெய்லர் இல்லாத லாரியோடு தெரிந்த ஒரு சாலைக்குப் போவேன். முதலில் நடுவுக்கு இழுக்கும் விசை மட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் நேராகப் போகும்போது இரண்டு விரலால் பிடித்தாலே வண்டி நேராகப் போக வேண்டும். ரவுண்டானாவில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் நிதானமாகத் திரும்பி வர வேண்டும், எகிறக் கூடாது. அந்த இடம் கிடைக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், பாதிக்கு அருகிலேயே பலருக்கும் கிடைத்துவிடும். அது சரியான பிறகு சாலைப் பரப்பு, அப்புறம் மேடுபள்ளம், கடைசியில் மோதல். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது, நான் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

இன்ஜின் அதிர்வு என்ற ஸ்லைடரைச் சுழியத்திலேயே விட்டுவிடுங்கள், மிஞ்சினால் 10. உங்கள் கடகட சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். பல்சக்கர வீலில் பற்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் சின்னச் சின்ன அதிர்வு போய்க்கொண்டே இருந்தால் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருக்கும். பெல்ட் வீலிலும் டைரக்ட் டிரைவிலும் அந்தச் சத்தம் இல்லை. ஆனால் டைரக்ட் டிரைவில் வேறொரு தொல்லை: நேர் சாலையில் கையை எடுத்தால் ஸ்டீயரிங் இடவலமாக ஆட ஆரம்பித்து ஆட்டம் பெருகும். அதற்கு விசையைக் குறைப்பதைவிட வீல் மென்பொருளில் டேம்ப்பரை, அதாவது வேகமாகச் சுழல்வதைத் தடுத்து மந்தமாக்கும் அமைப்பை, கொஞ்சம் ஏற்றுவது நல்லது. லாரிக்கு அந்தப் பாகு போன்ற கனம் பொருத்தமும்கூட.

பெரிய லாரி ஸ்டீயரிங் வளையம் மாட்டும் ஆசை இருந்தால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். ஜி29 வளையத்தின் விட்டம் சுமார் 27 சென்டிமீட்டர். 45 சென்டிமீட்டர் வளையம் மாட்டினால் நெம்புகோல் நீண்டுவிடுவதால் அதே மோட்டாரின் இழுப்பு உங்கள் கையில் முன்பிருந்ததில் 60 சதவீதமாகத்தான் தெரியும். சின்ன மோட்டாருக்குப் பெரிய வளையம் வேண்டாம் என்பது என் கருத்து.

பிரேக்குக்கு வருவோம். கேம்ப்ளே பகுதியில் பிரேக்கின் கடுமைக்கு ஒரு ஸ்லைடர் உண்டு, குத்தி நின்றால் அதைக் குறையுங்கள். பெடல் அமைப்பில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் தனித்தனி அச்சாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்திருந்தால் மிதியின் அளவே சரியாகப் போய்ச் சேராது. டெட் ஸோனை (மிதித்தும் கேம் கண்டுகொள்ளாத தொடக்கப் பகுதி) குறைவாகவே வையுங்கள். இறக்கத்தில் 20 டன் சுமையோடு போகும்போது பிரேக்கை மிதித்தே இருக்காமல் ரிட்டார்டரை (சக்கர பிரேக்கைத் தொடாமல் லாரியின் வேகத்தைக் குறைக்கும் துணை பிரேக்) வீலில் உள்ள ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள், ஓட்டுவதே வேறு மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு கனமான டிரெய்லரோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லாரி நிலைத்தன்மை, டிரெய்லர் நிலைத்தன்மை என்ற ஸ்லைடர்களைக் குறைத்தால் வண்டி வளைவில் சாயும், கவிழவும் செய்யும். கை பழகும் வரை அவற்றை நடுவில் விட்டுவிடலாம்.

வீலை மேசையில் இறுக்கமாகக் கட்டுங்கள், மேசை ஆடினால் விசையில் பாதி மேசைக்கே போகும். முடிந்தால் கொஞ்சம் தாழ்வாக, வளையம் படுத்தாற்போல் சாய்த்து வையுங்கள். லாரி ஓட்டுநர் ஸ்டீயரிங்கை மேலிருந்துதான் பிடிக்கிறார்.

எல்லாம் மனசுக்குப் பிடித்தபடி அமைந்த அன்றே, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் கேமின் பெயரில் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் ‘கண்ட்ரோல்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கும், அதை நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் வீலை எப்போதும் ஒரே யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள், இடம் மாற்றினால் சில சமயம் கேம் அதைப் புது வீல் என்று நினைத்து நீங்கள் பதிந்த பட்டன்களை எல்லாம் மறந்துவிடும்.