தோணிக்கு ஆள் ஏத்துவோம்: கேள்வி பதில்

மரக்கப்பல் மாதிரி செய்கிறவர்கள் பலகையையும் பாயையும் சமாளித்துவிடுகிறார்கள். பெட்டியோடு வருகிற உலோக ஆட்களுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதுதான் கை நடுங்குகிறது. வந்த கேள்விகளில் சில இங்கே.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, பெட்டியிலருந்து எடுத்ததும் பெயிண்ட் அடிச்சேன். ரெண்டே நாள்ல நகம் பட்டாலே உரியுது.

கழுவலியே தம்பி! வார்க்கும்போது அச்சில் தடவிய பொடியும் பிசுக்கும் மேலேயே ஒட்டியிருக்கும். முதலில் தோள், தொடை ஓரமாக ஓடுகிற வார்ப்புக் கோட்டை ஊசி அரத்தால் எடுங்கள். பிறகு பழைய பல் பிரஷ், பாத்திரம் விளக்கும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். காய்ந்ததும் மருந்து பாட்டில் மூடியில் காலை ஒட்டிக்கொண்டு, விரல் படாமல் சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, மெல்லியதாக ஒரு தடவை. ஐப்பசி மழையில் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை அடித்து, ஆறு மாலுமிகளும் திருநீறு பூசினமாதிரி வெளுத்து நின்றார்கள்.

திசையன்விளை: இது ஈயமா? வீட்டுல சின்னப் பிள்ள இருக்கு.

ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். இந்தப் பொம்மைகளில், பழைய பெட்டி என்றால் பெரும்பாலும், நஞ்சான காரீயமும் கலந்திருக்கும். ஈரம் வைத்தே தேயுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பிள்ளை கைக்கு எட்டவே கூடாது. சூடும் ஆகாது, சொம்பு மாதிரியே உருகி உட்கார்ந்துவிடும். கை கால் ஒட்ட சூப்பர் க்ளூ போதும்.

தூத்துக்குடி: நான் செய்யுறது நம்ம ஊர்த் தோணி, 1:48 அளவு. வாங்கின ஆளுங்க தொப்பியும் பூட்ஸுமா வெள்ளைக்காரனுவ. மாத்த முடியுமா?

தாராளமாக. இதுதான் எனக்குப் பிடித்த வேலை. முதலில் உயரம் பாருங்கள்: ஐந்தரை அடி ஆள் 1:48-இல் 35 மில்லிமீட்டர். 40 இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தோணியே சிறுத்துப்போகும்.

தொப்பி விளிம்பை அரத்தால் தேய்த்தால் தலை கிடைக்கும். பூட்ஸை ஒல்லியாக்கினால் வெறுங்கால். சாரத்துக்கு (லுங்கிக்கு) டிஷ்யூ தாள்: தண்ணீர் விட்ட பெவிகாலில் நனைத்து இடுப்பில் சுற்றி, காயுமுன் ஊசியால் மடிப்பு இழுங்கள். வேலை செய்கிறவன் மடித்துக் கட்டியிருப்பான், தோணித் தலைவனான தண்டல் மட்டும் இறக்கி விட்டிருக்கட்டும்.

தோல் நிறத்தில்தான் நம்மாட்கள் கோட்டை விடுகிறார்கள். கறுப்பைக் கலக்காதீர்கள், சாம்பல் பிடித்துவிடும். பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) சரிபாதி. காய்ந்தபின் அம்பரைப் பானகம்போல நீர்க்கக் கரைத்துவிட்டால் விலா, கழுத்து, விரல் இடுக்கில் போய்த் தங்கும். மூக்கு, கன்னம், தோள்பட்டைக்கு அதே கலவையில் மஞ்சள் காவி துளி. அங்கே வெள்ளை சேர்த்தால் உப்புப் பூத்த மாதிரி இருக்கும். கடைசியில் பளபளக்காத மேட் வார்னிஷ்.

வள்ளியூர்: கண்ணு வரைய மூணு சைபர் பிரஷ் வாங்கினேன். நம்ம வெயிலுக்கு நுனியிலேயே காஞ்சுபோகுது.

காயத்தான் செய்யும், அதில் பெயிண்ட் நிற்க இடமேது? நுனி கூராக உள்ள ஒன்றாம் நம்பர் வாங்குங்கள். அப்புறம், அரையடி தள்ளி நிற்கிற ஆளுக்குக் கண் எதற்கு? புருவத்துக்குக் கீழே நிழல் விழுந்தால் போதும். வெள்ளை வைத்தால் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான்.

அம்பாசமுத்திரம்: 1805-ல இருந்த விக்டரிங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் செய்றேன். மாலுமி சீருடை என்ன நிறம்?

சீருடையே கிடையாது. பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரிகளுக்கு 1748-இலேயே வந்துவிட்டது, சாதாரண மாலுமிக்கு 1857-இல்தான். நீலக் குட்டைச் சட்டை, கட்டம் போட்டது, வெளுத்த கால்சட்டை என்று கலந்து அடியுங்கள். எல்லாவற்றிலும் நிறத்தைக் கொஞ்சம் மங்க வையுங்கள். அப்பட்டமான கறுப்பு, வெள்ளை இந்த அளவில் பொம்மையாகக் காட்டும்.

மறுபடி தூத்துக்குடி: பன்னெண்டு பேர் வாங்கிட்டேன் அண்ணாச்சி. எல்லாத்தையும் நிறுத்தணுமா?

நாலு பேர் போதும். சுக்கானில் ஒருவன், பக்கத்தில் தண்டல், பாய்க்கயிற்றில் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் கையிலும் கயிறு உண்மையிலேயே இருக்கட்டும். உள்ளங்கையில் 0.8 மில்லிமீட்டர் துளை போட்டு நூலைக் கோத்துவிடுங்கள், ஆளை ஒட்டுவதற்கு முன்னாடியே.