முழுக்கையால் கிரயானைப் பிடிக்கிறான், பரவாயில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம். கிரயான் கொடுத்தால் கையை மூடிப் பிடித்துக்கொண்டு கிறுக்குகிறான். நாத்தனார் மகள் இரண்டரை வயதிலேயே சிலேட்டில் ‘அ’ எழுதுகிறாள். விரல் பயிற்சிக்கென்று ஆன்லைனில் விற்கும் பொம்மைகளை வாங்கட்டுமா? – ஒரு தாய், பாலக்கோடு.

பதில்: வாங்க வேண்டாம். இந்த வயதில் அப்படித்தான் பிடிப்பான். மூன்று விரலில் பிடிப்பது பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் வரும். மணிக்கட்டில் இருக்க வேண்டிய 8 சிறு எலும்புகளில் பாதிகூட உங்கள் மகனுக்கு இன்னும் உருவாகியிருக்காது, மீதியெல்லாம் குருத்தெலும்புதான். அதனால் எழுத்துக்கு அவசரமே இல்லை. நாத்தனார் மகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, குடும்பத்தில் எனக்கெதற்கு வம்பு!

பிடிமானம் தோளில் தொடங்கி முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, கடைசியில்தான் விரலுக்கு வரும். எனவே அவன் படி ஏறட்டும், காலி வாளியைத் தள்ளட்டும், சுவரில் சாக்பீஸால் கிறுக்கட்டும். களிக்கு எடுத்த ராகி மாவில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுக் கொடுங்கள், பிசையட்டும். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வோர் இலையாகக் கிள்ளுவதைவிட நல்ல விரல் பயிற்சி எந்தப் பொம்மையிலும் இல்லை. உங்கள் ஊரில் தக்காளிக்கா பஞ்சம்? ஒரு கூடையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள். நாலு நசுங்கும், போகட்டும். சோற்றையும் அவனே அள்ளிச் சாப்பிடட்டும்.

ஆனால் புளி தட்டும் நாட்களில் கவனம். புளியங்கொட்டையும் நிலக்கடலையும் அவன் கைக்கு எட்டவே கூடாது. வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் சிக்கும், மூக்கிலும் நுழைத்துக்கொள்வார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று இருமல், இழுப்பு வந்தால் சளி என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, எந்தக் கை என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை எப்போதும் மூடியே வைத்திருந்தாலோ, பொரி போன்ற சின்னப் பொருளை இரு விரலால் எடுக்க முடியாவிட்டாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாவிட்டாலோ காட்டத்தான் வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வளர்ச்சியைப் பார்க்க ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று அங்கேயே கேளுங்கள். கட்டணம் கிடையாது.