நைஜீரியால இவ்ளோ எண்ணெய் இருந்தும் ஏன் அமைதியே இல்ல?
எண்ணெய் எடுக்குற ஊருக்கு அந்த காசு போய்ச் சேரலங்குறதுதான் பெரிய காரணம். 1956ல ஓலோய்பிரிங்குற ஊர்ல எண்ணெய் கிடைச்சுது, அப்புறம் நைஜர் ஆறு கடல்ல கலக்குற நைஜர் டெல்டா முழுக்க பைப்லைன், கசிவு, ராத்திரி பகலா எரியுற கேஸ், மீன் பிடிச்சு பொழச்சவங்க ஓடையில இறங்குனா காலெல்லாம் எண்ணெய் பிசுக்கு. அந்த டெல்டாவுல ஓகோனி இன மக்கள் இருக்குற பக்கம் ஒரு ஊர்ல குடிக்கிற கிணத்துத் தண்ணியில புற்றுநோய் வரவைக்குற பென்சீன் அனுமதிச்ச அளவை விட 900 மடங்குக்கு மேலன்னு 2011ல ஐநா சொல்லுச்சு, படிச்சப்போ மனசே ஆறல எனக்கு. இத தட்டிக்கேட்ட ஓகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவாவ 1995ல ராணுவ அரசு தூக்குல போட்டுச்சு. அமைதியா போராடுனவருக்கே அந்த கதின்னா, அடுத்து வந்த பசங்க துப்பாக்கி தூக்குனாங்க, பைப்ப உடைச்சாங்க, ஆள கடத்துனாங்க. 2009ல அரசு அவங்களுக்கு பொதுமன்னிப்பும் மாசாமாசம் உதவித்தொகையும் குடுத்ததும் தாக்குதல் நல்லாவே கொறஞ்சுது, 2016ல திரும்ப வெடிச்சுது. என்னைக் கேட்டா மொதல்ல அந்த தண்ணிய சுத்தம் பண்ணணும்.