நிரப்பாமல் கொடுத்த செக் திரும்பினால் சிறைத் தண்டனை வருமா?

கடனுக்கு ஈடாகக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்கில், கடன் கொடுத்தவரே தொகையை எழுதி வங்கியில் போட்டு, அது பணமின்றித் திரும்பினால் குற்றமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கையெழுத்து தம்முடையதென ஒப்புக்கொண்டவர், கடனை அடைக்கவே செக்கைக் கொடுத்தார் என்று 139ஆம் பிரிவு அனுமானிக்கிறது. மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் இந்த அனுமானம் நீங்காது என்று பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிராகச் சான்று காட்டி அதை முறியடிக்கலாம், ஆனால் அந்தச் சுமை உங்களுடையது.

பலரும் கவனிக்கத் தவறுவது, செக் திரும்பியவுடனேயே குற்றம் முழுமையாகிவிடுவதில்லை என்பதைத்தான். செக் திரும்பியதைத் தெரிவிக்கும் ரிட்டர்ன் மெமோ வங்கியிலிருந்து வந்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்டு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. கட்டத் தவறினால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நடுவர் நீதிமன்றத்தில் அவர் புகார் தாக்கல் செய்யலாம்.

இடையில் கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்களா? ஐந்து லட்சத்தில் இரண்டு லட்சம் கட்டிய பிறகும், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கே அவர் வங்கியில் போட்டிருந்தால் 138ஆம் பிரிவு பொருந்தாது என்பது 2022இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. ஆகவே பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகளை முதலில் எடுத்து வையுங்கள்.