கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா?

கேள்வி: 2020 ஊரடங்கில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கினோம். பள்ளி திறந்ததும் அது பீரோவுக்குள் போய்விட்டது. போன வாரம் எடுத்துச் சார்ஜ் போட்டால் திரை கருப்பாகவே கிடக்கிறது, எந்த அசைவும் இல்லை. கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்ததுமே "போர்டு போயிருச்சும்மா, மூவாயிரம் ஆகும்" என்கிறார். அந்த இரண்டு வருடப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு மூவாயிரத்தைக் கொடுக்காதீர்கள். திறந்துகூடப் பார்க்காமல் போர்டு போச்சு என்கிறவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்க என்ன இருக்கிறது?

முதலில் டேப்லெட்டின் ஓரத்தில் மெமரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோக்கள் அதில் சேமிக்கப்பட்டிருந்தால் கார்டை எடுத்து வேறு போனில் போட்டாலே பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் ஒன்று, அந்தப் போன் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கார்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். சில டேப்லெட்டுகளில் கார்டை உள் நினைவகமாகவே சேர்த்துவிடும் வசதி உண்டு, அப்படிச் சேர்த்த கார்டை அந்த டேப்லெட்டைத் தவிர வேறு எதிலும் படிக்க முடியாது.

சரி, சார்ஜுக்கு வருவோம். லித்தியம் பேட்டரி அணைத்து வைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். முழுச் சார்ஜில் சுமார் 4.2 வோல்ட், அது 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் எடுத்தவுடன் முழு மின்சாரத்தைக் கொடுக்காது, பாதுகாப்புக்காகச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். அந்த நேரம் முழுக்கத் திரையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் செத்துப்போச்சு என்று கழற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். காலையில் செருகி அரை நாள் விடுங்கள், மெத்தை மேலே வேண்டாம், தரையில் வைத்து, வீட்டில் ஆள் இருக்கும்போது. அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், லேசான சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றிவிடுங்கள். ரொம்ப நாள் அடிமட்டத்தில் கிடந்த பேட்டரி சில சமயம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதில் செருகுகிறீர்கள் என்பதும் முக்கியம். லேப்டாப்பின் பழைய யுஎஸ்பி துளை தருவது அரை ஆம்பியர்தான், டேப்லெட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் அவுட்புட் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கேபிள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் டைப்-சி போன், டேப்லெட்டுக்கோ பழைய மைக்ரோ யுஎஸ்பி, அதனால் பவர் பேங்கோடு வந்த சாண் நீளக் கேபிளையோ முனையில் மாட்டும் குட்டி கன்வர்ட்டரையோ வைத்துத்தான் ஒப்பேற்றுகிறோம். அந்த மாதிரி கேபிளில் கம்பி மெல்லிசாக இருந்தால் மின்சாரம் போய்ச் சேருவதற்குள் வோல்ட் இறங்கிவிடும். பக்கத்து வீட்டில் நன்றாக வேலை செய்கிற கேபிள் ஒன்றைக் கடன் வாங்கிப் பாருங்கள்.

சார்ஜிங் பின்னுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. பையின் பஞ்சும் தூசியும் உள்ளே அழுந்தி அட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும், கேபிள் முழுதாக உள்ளே போகாது. பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி, ஹேர்பின் கூடவே கூடாது. நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்திருந்தாலோ, கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஏறினாலோ பின்தான் போயிருக்கிறது. மைக்ரோ யுஎஸ்பி பின் 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது, ஆனால் சார்ஜ் போட்டபடியே படுத்துக்கொண்டு வீடியோ பார்க்கும் குழந்தைகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை போல. பின் மாற்றுவது போர்டு மாற்றுவதைவிடச் சின்ன வேலை. கடையில் "பின்னை மட்டும் செக் பண்ணுங்க" என்று கேளுங்கள்.

அரை நாள் கழித்தும் கருப்பாகவே இருந்தால், கேபிளைக் கழற்றாமல் பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில சமயம் சார்ஜ் ஏறியிருக்கும், உள்ளே சிஸ்டம்தான் உறைந்து நின்றிருக்கும். உயிர் வந்ததும் அப்டேட் கேட்கும், எதையும் தொடாமல் முதலில் போட்டோக்களை வேறு இடத்துக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். மெனு எதுவும் வந்து ரீசெட் என்று இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம், எல்லாம் அழிந்துவிடும்.

கேள்வி: என் டேப்லெட்டும் சார்ஜ் ஏறவில்லை. திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் உட்காருகிறது. ஒட்டிவிடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: அழுத்தாதீர்கள் சார், சார்ஜும் போடாதீர்கள். பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது, அதுதான் திரையைத் தள்ளுகிறது. அழுத்தியோ குத்தியோ ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். உள்ளே முக்கியமான தகவல் இருந்தால் கடையில் கொடுத்து வேறு பேட்டரி மாட்டி எடுக்கலாம், இல்லையென்றால் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பை வண்டியில் மட்டும் போடக்கூடாது. இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கொடுக்கும் வரை துணி, காகிதம் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: பழைய டேப்லெட்டைச் சார்ஜிலேயே மாட்டி, பூஜை அறையில் நாள் முழுக்கப் பாட்டுக்கு விடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம்மா. எப்போதும் நூறு சதவீதத்திலேயே, அதுவும் விளக்குச் சூட்டின் பக்கத்தில் நின்றால் மதுரைக்காரருடைய கதைதான். பாட்டு வேண்டுமென்றால் டைமர் பிளக் ஒன்று வாங்கி தினம் ஓரிரு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏறும்படி வையுங்கள், விளக்கிலிருந்து தள்ளி.